மேனேஜர் ஐயா, அடுத்த பம்ப் வாங்குறதுக்கு முன்னாடி ஆத்தங்கரைய ஒருதரம் அளந்து பாருங்க

தோட்ட மேனேஜர் ஐயாவுக்கும், ஆபீஸ்ல கொட்டேஷன் பார்த்து கையெழுத்து போடுறவங்களுக்கும் வணக்கம்.

ஆத்துல இருந்து லயத்துக்கு தண்ணி ஏத்துற மூணாவது பம்பும் போயிடுச்சு, உங்களுக்கே தெரியும். 9 நாளா லயத்துல, அதான் நாங்க குடியிருக்கிற தோட்ட வீடுகள்ல, பைப்ப திறந்தா காத்துதான் வருது. லாரில தண்ணி அனுப்புறீங்க, இல்லேன்னு சொல்லல. ஆனா லாரி வர்றது காலைல 11 மணிக்கு, அந்த நேரம் எல்லாரும் வேலைக்காட்டுல நிப்பாங்க, வீட்டுல இருக்கிறது வயசானவங்க மட்டும்தான். எங்க பக்கத்து வீட்டு அக்காவுக்கு 70 தாண்டிடுச்சு, வாளில பாதிக்கு மேல பிடிக்க மாட்டாங்க, பத்தடிக்கு ஒருதரம் கீழ வச்சு இடுப்ப பிடிச்சுக்கிட்டு நின்னுட்டு திரும்ப தூக்குவாங்க. நேத்து அவங்க வாசப்படிகிட்ட வரும்போது வாளி சரிஞ்சு எல்லாம் மண்ணுல போச்சு. ஒண்ணுமே சொல்லல, திரும்பி லாரிகிட்டயே நடந்தாங்க. லாரி கிளம்பிடுச்சு.

நான் செம்பனை ஆலையில 22 வருஷம் பிட்டரா, அதான் மெஷின் மாட்டி பழுது பார்க்கிறவனா இருந்தவன், சுங்கை சிப்புட்ல இருந்து ஈப்போ வரைக்கும் பம்ப் வேலைக்கு போயிருக்கேன், அந்த உரிமையிலதான் எழுதறேன். கழட்டிப் போட்ட பம்ப்ப நானே திறந்து பார்த்தேன். உள்ள சுத்தி தண்ணிய தள்ளுற சக்கரம், அந்த இம்பெல்லர், செல்லரிச்ச பலகை மாதிரி குழி குழியா கிடக்கு, தண்ணி கசியாம அடைக்கிற சீல் கருகிப் போய் தண்ணி பேரிங்குக்குள்ள இறங்கியிருக்கு. ஓடும்போது உள்ள சரளைக்கல்லு உருளுற மாதிரி சத்தம் வந்துச்சே, அது கல்லு இல்ல. தண்ணி ஏற முடியாத உயரத்துல பம்ப்ப வச்சா உள்ள அழுத்தம் குறைஞ்சு தண்ணி குமிழி குமிழியா ஆவியாகி உடையும், அந்த உடைச்சல்தான் இரும்பையே தின்னுது.

பம்ப் தண்ணிய இழுக்கறதில்ல ஐயா, வெளிய இருக்கிற காத்து அமுக்கித்தான் தண்ணி மேல ஏறுது, அதுவும் கணக்குப்படி 10.3 மீட்டர்தான், பைப்பு, எல்போ வளைவு, பைப்போட அடியில இருக்கிற புட் வால்வு எல்லாம் தின்னது போக 6, 7 மீட்டர் நம்பலாம். மழையில்லாத இப்போ பம்ப் ஹவுஸ்ல இருந்து ஆத்து தண்ணி வரைக்கும் கயிறு விட்டு அளந்தேன், 8 மீட்டருக்கு மேல வருது. இதுல என்ன செஞ்சீங்க, 5 எச்பி தாங்கலன்னு 7.5 எச்பி வாங்கி அதே 2 இன்ச் பைப்புல மாட்டினீங்க. பெரிய பம்ப் அதிக தண்ணி கேக்கும், பைப்புல வேகம் ரெண்டு மடங்கானா உராய்வு நாலு மடங்கு, அதனால முந்தினத விட சீக்கிரமா செத்துச்சு. எச்பிய பார்த்து பம்ப் வாங்காதீங்க, அளந்து வாங்குங்க. மணிக்கு எத்தனை லிட்டர் வேணும், டேங்கி எவ்வளவு உயரம், தண்ணி எவ்வளவு கீழ, மணல் எவ்வளவு கலந்திருக்கு, இத எழுதிக் கொடுத்தாதான் கடைக்காரன் சரியான பம்ப் காட்டுவான்.

உங்களுக்கு இது தெரியாதுன்னு நான் நினைக்கல. ஆலையில பாய்லருக்கு அடுக்கடுக்கா அழுத்தம் ஏத்துற மல்டிஸ்டேஜ் பம்ப்தான் போடுறீங்க, கெட்டிக் கழிவுக்கு மோனோ பம்ப்தான், அங்க யாரும் கையில கிடைச்சத மாட்டறதில்ல, ஏன்னா பாய்லருக்கு தண்ணி நின்னா ஆலையே நிக்கும். லயத்துல 40 வீட்டுக்கு தண்ணி நின்னா மட்டும் எது மலிவோ அதுவா? மலேசியாவோட 446 சட்டப்படி, அதான் தொழிலாளர் குடியிருப்பு சட்டப்படி, தோட்ட வீட்டுக்கு போதுமான பைப்பு தண்ணி தர்றது முதலாளி கடமை. எங்க பிள்ளைங்க ரெண்டு நாள் போட்ட சட்டையோட பள்ளிக்கூடம் போகுதுங்க, அத நினைச்சா எனக்கு வயிறு எரியுது.

கோவத்துல எழுதிட்டேன், மன்னிக்கணும். கேக்கறது ஒண்ணுதான், அளந்துட்டு வாங்குங்க. மணல் தாங்குற சப்மெர்சிபிள் போட்டா இழுக்குற பிரச்சனையே இல்ல, தண்ணிக்குள்ளயே இருந்து தள்ளும். இல்ல செலவு ஜாஸ்தின்னா இப்ப இருக்கிற மாதிரி பம்ப்பையே டிரம் கட்டின மிதவை மேல வைங்க, ஆறு இறங்கினா அதுவும் சேர்ந்து இறங்கும், தண்ணி வெளிய போற டெலிவரி பக்கம் மட்டும் வளையுற ஹோஸ் போட்டா போதும், கரண்டு வயர மட்டும் வயர்மேன வச்சு ஒழுங்கா இழுக்கணும்.

சனிக்கிழமை மத்தியானம் ஸ்டோர் கணக்கு பார்க்கிற கிராணிய ஆத்தங்கரைக்கு அனுப்புங்க ஐயா. கூட நின்னு நான் அளந்து எழுதித் தர்றேன், கூலி வேணாம், டேப்பு என்கிட்டயே இருக்கு.