யூரின் பையிலிருந்து கல்ச்சர் எடுக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆண்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமிகள் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் ஐசியு, கோழிப்பண்ணை, மருந்துக் கடை இவைதான் அடிபடுகின்றன. பக்கவாதம் வந்தோ இடுப்பெலும்பு முறிந்தோ வீட்டில் படுத்திருக்கும் பெரியவரின் கட்டிலில் தொங்கும் யூரின் பையை யாரும் பேசுவதில்லை.

கிளெப்சியெல்லா, என்டரோகாக்கஸ், சூடோமோனாஸ் என்ற கிருமிகள் எல்லாம் குடலிலும் குளியலறை ஈரத்திலும் சும்மா கிடப்பவை. சிறுநீர் இறங்க டியூப் (கத்தீட்டர்) போட்டதும் அவற்றுக்கு வழி கிடைத்துவிடுகிறது. டியூப் இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம். ஒரு மாதம் போனால் அநேகமாக எல்லோருக்கும் சேர்ந்துவிடும். டியூபின் உட்சுவரில் பாசி மாதிரி வழவழப்பான படலம் கட்டிக்கொண்டு அதற்குள் குடியிருக்கும். மாத்திரை போட்டால் சிறுநீரில் மிதப்பவை சாகும், படலத்துக்குள் இருப்பவை தப்பும். அடுத்த ரிப்போர்ட்டில் அந்த மருந்துக்கு நேரே ‘ஆர்’ (ரெசிஸ்டன்ட், அதாவது மருந்து கேட்காது) என்று வருவது இப்படித்தான்.

ஆகவே டியூப் போட்டவரின் கல்ச்சரில் (சிறுநீர் மாதிரியில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) கிருமி வளர்ந்தது என்பது ஒரு செய்தியே இல்லை. ரிப்போர்ட்டில் வரும் ‘பஸ் செல்ஸ் ப்ளென்டி’யும் (சீழ் செல்கள் நிறைய) அப்படித்தான். வாடை, கலங்கல் மட்டும் இருந்தால் மருந்து வேண்டாம். நடுக்கத்தோடு காய்ச்சல், அடிவயிற்றிலோ விலாவுக்குக் கீழோ வலி, ரத்த அழுத்தம் இறங்குவது, திடீரென ஆள் அடையாளம் தெரியாமல் பேசுவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போய்விட வேண்டும். கர்ப்பிணிகள் விஷயம் வேறு. அவர்களுக்குத் தொந்தரவு இல்லாவிட்டாலும் மருந்து உண்டு.

பை ஊதா நிறமாகிவிட்டது என்று பதறி ஓடி வருபவர்களும் உண்டு. மலச்சிக்கலோடு படுத்திருக்கும் முதியவர்களுக்கு வருவது இது. புரதத்திலிருந்து வரும் ஒரு பொருளைக் கிருமிகள் உடைக்கும்போது உண்டாகும் நீலமும் சிவப்பும் பிளாஸ்டிக்கில் ஏறிக்கொள்கின்றன. அந்த நீலம் அவுரிச் செடியில் கிடைக்கும் சாயமேதான்! காய்ச்சல் இல்லையென்றால் மலச்சிக்கலைச் சரிசெய்து, டியூபையும் பையையும் மாற்றினால் பெரும்பாலும் போதும்.

கல்ச்சர் தேவை என்று மருத்துவர் சொன்னால், முதல் டோஸ் ஆண்டிபயாடிக்குக்கு முன்பே மாதிரி எடுத்தாக வேண்டும். பைக்குழாயைத் திறந்து பிடிக்கவே கூடாது. பல மணி நேரம் தேங்கி நின்ற அந்தச் சிறுநீரில் பையிலேயே பெருகிய கிருமிதான் இருக்கும். சூடும் சத்தும் கிடைத்தால் ஈ.கோலை கிருமி 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். 2 மணி நேரத்தில் ஒன்று 64 ஆகிவிடும். டியூப் போட்டு 2 வாரம் தாண்டியிருந்தால் அதை எடுத்துவிட்டுப் புது டியூப் போட்டு அதிலிருந்து எடுப்பதுதான் முறை. இல்லையென்றால், மாதிரி எடுப்பதற்கென்று உள்ள வாய்க்குக் கீழே 10, 15 நிமிடம் கிளாம்ப் போட்டு, அந்த வாயை ஸ்பிரிட்டால் துடைத்து, புது சிரிஞ்சில் 5 முதல் 10 மில்லி எடுக்க வேண்டும். கிளாம்பை மறக்காமல் கழற்றிவிடுங்கள். 2 மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்கு வந்துசேராது என்றால் மாதிரி ஃபிரிட்ஜில் இருக்கட்டும்.

ரிப்போர்ட்டில் எம்ஐசி எண் (கிருமி வளராமல் தடுக்கத் தேவையான குறைந்தபட்ச மருந்து அளவு) சிறியதாக இருக்கும் மருந்துதான் நல்லது என்று நினைப்பது படித்தவர்களும் செய்யும் தவறு. ஒவ்வொரு மருந்துக்கும் எல்லைக்கோடு வேறு. ஈ.கோலைக்கு சிப்ரோஃப்ளோக்சாசின் எண் 1 என்றால் மருந்து கேட்காது. பிப்பராசிலின்-டாசோபாக்டம் எண் 8 என்றாலும் கேட்கும். போன தடவை எழுதிய சீட்டைக் காட்டி செஃபிக்சிம் என்ற ஆண்டிபயாடிக் வாங்குவதும் நிற்க வேண்டும். 2014 மார்ச் முதல் அது எச்1 பட்டியலில் (மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகள்) இருக்கிறது. கடைக்காரர் நோயாளி பெயர், மருத்துவர் பெயர், அளவு எல்லாம் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

பராமரிப்பில் நான் அடிக்கடி பார்க்கும் பிழை, வீல்சேரிலோ ஆட்டோவிலோ ஏற்றும்போது பையை நோயாளியின் மடியில் வைப்பது. பையில் உள்ளது அப்படியே திரும்பி ஏறும். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே, ஆனால் தரையில் படாமல் தொங்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு நிரம்புவதற்குள் கொட்டிவிடுங்கள்; பையின் வாய் மக்கில் இடிக்கக் கூடாது. டியூபைத் தொடையில் பிளாஸ்டர் போட்டு ஒட்டினால் இழுபடாது. தினமும் சோப்பும் தண்ணீரும் போதும், டெட்டால் வேண்டாம். டியூபிலிருந்து பை கழன்றுவிட்டால் பழைய பையையே மாட்டாமல் புதுசு போடுங்கள். வெள்ளை மணல் மாதிரி படிந்து டியூப் அடைத்தால் அது பெரும்பாலும் புரோட்டியஸ் கிருமியின் வேலை. டியூபை மாற்ற ஆளைக் கூப்பிட வேண்டும், வீட்டிலேயே சிரிஞ்சால் தண்ணீர் அடிக்கக் கூடாது.

மருத்துவமனைகளுக்கு ஒரு கோரிக்கை. டியூபோடு வீட்டுக்கு அனுப்பும்போது டிஸ்சார்ஜ் சீட்டில் நான்கு விவரம் எழுதுங்கள்: டியூப் போட்ட தேதி, அதன் அளவு, எதற்காகப் போட்டது, என்றைக்கு எடுக்க வேண்டும். கடைசி விவரம் இல்லாததால்தான் பத்து நாளைக்குப் போட்ட டியூப் மாதக்கணக்கில் உள்ளேயே கிடக்கிறது.

இப்படிக்கு,
நுண்ணுயிரியல் ஆய்வகப் பணியாளர், திருச்சி