ஏழாம் விதியை எடுத்துவிடுங்கள்: சிறுகதைப் போட்டி நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நடுவர் குழுவினருக்கு,

வணக்கம். குடியும் குடும்பமும் என்ற பொருளில் நீங்கள் நடத்திய போட்டிக்கு நான் அனுப்பிய கதை திரும்பி வந்துவிட்டது. அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. பரிசு உங்கள் விருப்பம். கதையோடு நீங்கள் வைத்தனுப்பிய துண்டுச் சீட்டுதான் உறுத்துகிறது. “விதி 7 மீறப்பட்டுள்ளது. குடியைப் பார்த்துச் சிரிப்பது நம் மரபல்ல. தாயின் கண்ணீரைக் காட்டியிருக்கலாம். தந்தை திருந்துவதாக முடித்திருக்கலாம்.”

குடிப்பவர் வரும் காட்சிகளில் நகைச்சுவையும் எள்ளலும் கூடாது என்கிற அந்த ஏழாம் விதியை அடுத்த ஆண்டு அறிவிப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

சிவப்பு மையில் நீங்கள் குறுக்குக் கோடு போட்ட பக்கம் எதுவென்று உங்களுக்கு நினைவிருக்கும். கார்த்திகை முதல் தேதி அந்த அப்பா ஐயப்பனுக்கு மாலை போடுகிறார். அன்று முதல் அவர் குடிப்பதில்லை. வீட்டில் எல்லோரும் அவரைச் சாமி என்று கூப்பிட வேண்டும். அவரும் எல்லோரையும் சாமி என்றுதான் கூப்பிடுவார். ஐப்பசி முழுக்க ‘ஏ நாயே’ என்று கூப்பிட்ட மகளை, ஒரே இரவில், ‘சாமி, குடிக்கத் தண்ணி கொண்டா’ என்கிறார். தண்ணீர்தானா என்று அவள் ஒருமுறை உறுதி செய்துகொள்கிறாள். அம்மா குருசாமியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கிறாள்: “புரட்டாசியில குலசை முத்தாரம்மனுக்கு ஒரு மாலை, கார்த்திகையில மலைக்கு ஒரு மாலை, தையில திருச்செந்தூருக்கு ஒரு மாலைன்னு வருசா வருசம் போடுதாரு. மாசியிலேருந்து ஆவணி வரைக்கும் மாலை போடுத மாதிரி ஒரு சாமியும் கிடையாதா சாமி?”

இது இறைநம்பிக்கையைப் புண்படுத்துகிறது என்று ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஐயா, அந்த அம்மாவைவிட ஐயப்பனை நம்பியவர் அந்தத் தெருவில் யாரும் இல்லை. ஒரு மண்டலம் முழுக்க அந்த வீட்டில் அரிசிப்பானை நிரம்பியிருக்கும். பிள்ளைகள் விளக்கை அணைக்காமல் இரவு பத்து மணிக்கு மேலும் படிக்கும். மற்ற மாதங்களில் அது நடக்காது. பத்து மணிக்குக் கடை சாத்துவார்கள். அதற்குள் வீட்டுப்பாடம், சாப்பாடு, பாய் விரிப்பது எல்லாம் முடிந்து, எல்லோரும் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். வருகிறவர் பேச ஆள் தேடுவார். கண்ணை மூடியிருப்பவர்கள் தப்பித்தார்கள். சோறு போட விழித்திருப்பவள் தப்ப முடியாது. மலைக்குப் போய்விட்டு வேன் வந்து நிற்கும் நாளுக்காக ஊரே காத்திருக்கும்போது அவள் ஒருத்தி மட்டும் வேன் இன்னும் இரண்டு நாள் தாமதமாக வரட்டும் என்று வேண்டிக்கொள்வாள். மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலம், அரவணை டின்னை இன்னும் உடைக்கவில்லை, அதற்குள் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு ‘இந்தா வந்துடுதேன்’ என்று கிளம்பினார். கறுப்பு வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டே அவள் மகளிடம் சொல்கிறாள்: “சாமி மலையேறிட்டாரு, அப்பா இறங்கிட்டாரு.”

அதைத்தான் கோடு போட்டு அடித்தீர்கள். அந்த அம்மா அழவே இல்லை என்று நான் எங்கும் எழுதவில்லையே. அழுது, முகம் கழுவி, அடுப்பைப் பற்றவைத்த பிறகு அவள் சொன்னதை எழுதினேன். அழுகையைப் பக்கத்து வீட்டுக்காரரும் எழுதிவிடலாம், சுவரைத் தாண்டிக் கேட்கும். இந்தப் பேச்சு அடுப்படிக்குள் இருந்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

மரபு என்றீர்கள். அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஏழாம் நூற்றாண்டில் காஞ்சியிலிருந்து ஆண்ட மகேந்திரவர்ம பல்லவன் வடமொழியில் எழுதிய மத்தவிலாசப் பிரகசனம் என்ற நகைச்சுவை நாடகத்தில் கதைநாயகனே ஒரு குடிகாரக் காபாலிகன்தான், குடிப்பதையும் தன் விரதத்தில் சேர்த்துக்கொண்ட சைவத் துறவி. போதையில் துணைவி தேவசோமாவின் பெயரைச் சோமதேவா என்று மாற்றிக் கூப்பிட்டு மாட்டிக்கொள்கிறான். யாரவள் என்று அவள் பிடித்துக்கொள்ள, எல்லாம் இந்தக் கள் செய்த வேலை, இன்றோடு விட்டேன் என்கிறான். ஐயோ, எனக்காக உங்கள் விரதத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்று அவளே காலில் விழுகிறாள். ‘இன்றோடு விட்டேன்’ என்ற சத்தியத்தைக் கேட்டுப் பழகிய எந்த வீட்டுக்கும் இந்தக் காட்சிக்கு உரை தேவைப்படாது. அரசனே எழுதியது. அவன் உங்கள் போட்டிக்கு அனுப்பியிருந்தால் விதி 7 அவனையும் திருப்பி அனுப்பியிருக்கும்.

கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரமே வைத்த வள்ளுவர் அந்த அதிகாரத்தை எப்படி முடிக்கிறார்? ‘கள்ளுண்ணாப் போழ்திற் களித்தானைக் காணுங்கால் உள்ளான்கொல் உண்டதன் சோர்வு.’ தான் குடிக்காத நேரத்தில் இன்னொரு குடிகாரனைப் பார்க்கும்போதாவது, நாமும் நேற்று இப்படித்தானே கிடந்திருப்போம் என்று இவனுக்குத் தோன்றாதா என்கிறார். இது அறிவுரையா, எள்ளலா? எனக்கு இரண்டாகவும் கேட்கிறது.

பரிசு பெற்ற கதைகளை உங்கள் மலரில் படித்தேன். ஒன்றில் கல்லீரல் கெட்டுச் சாகிறார், ஒன்றில் மகளின் கல்யாணப் பந்தலில் திருந்துகிறார். நன்றாக எழுதப்பட்ட கதைகள், குறை சொல்லவில்லை. தினமும் ஒரு குவாட்டர் போடாமல் தூங்காத உறவினர் ஒருவரிடம் மலரைக் கொடுத்தேன். செத்தவர் கதையைப் படித்துவிட்டு, “பாவம், அளவு தெரியாத பய” என்று உச்சுக்கொட்டினார். அவருக்குக் கண்ணில் ஈரம்கூட வந்தது. பிறகு நீங்கள் திருப்பி அனுப்பிய என் கதையைக் கொடுத்தேன். நாலு பக்கம் போனதும் நிமிர்ந்து, “இதையெல்லாம் யாரு உங்கிட்ட சொன்னா?” என்று கேட்டார். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. எந்தக் கதை வேலை செய்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

சினிமாவை மனதில் வைத்துத்தான் அந்த விதியைப் போட்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அது நியாயமான எரிச்சல். தள்ளாடி விழுபவரைக் காட்டிச் சிரிக்கவைத்துவிட்டு, திரையின் ஓரத்தில் மது உடல்நலத்துக்குக் கேடு என்று எழுத்து ஓடவிடுகிறார்கள். அந்தக் காட்சிகளில் அவருடைய மனைவி எங்கே, பிள்ளை எங்கே? அவர்கள் இல்லாததால்தான் அந்தச் சிரிப்பு அவ்வளவு லேசாக வருகிறது. வீட்டுக்குள்ளிருந்து வரும் சிரிப்பு வேறு. இரண்டையும் ஒரே விதியால் அடிப்பது அடித்தவனுக்கும் அடிவாங்கியவளுக்கும் ஒரே தண்டனை கொடுக்கிற கதை.

இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. எள்ளலே கூடாதென்றால் இந்த மாநிலத்தில் குடியைப் பற்றி எப்படி எழுதுவது? 1983-இல் தொடங்கிய டாஸ்மாக் 2003 முதல் சில்லறை விற்பனையும் செய்கிறது. அது எந்தத் துறையின் கீழ் வருகிறது தெரியுமல்லவா? மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. காந்தி ஜெயந்திக்குக் கடைக்கு விடுமுறை. அதனால் அக்டோபர் 1 சாயங்காலம் கடை வாசலில் வரிசை தெருமுனையைத் தாண்டும். காந்தியை எங்கள் ஊரில் முதல் நாளே நினைத்துக்கொள்ளும் ஒரே கூட்டம் அதுதான். இதில் நான் ஒரு சொல்லைக்கூடக் கற்பனையாகச் சேர்க்கவில்லை. அப்படியே எழுதினாலே விதி 7 மீறப்பட்டுவிடுகிறது. நான் என்ன செய்யட்டும்? அரசாணையைத் திருத்தச் சொல்லி எழுதவா?

மன்னிக்க வேண்டும், உங்களிடம் கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். துறையின் பெயரை மாற்றுவது உங்கள் கையில் இல்லை. விதி 7 உங்கள் கையில் இருக்கிறது. உங்கள் நோக்கத்தில் எனக்குச் சந்தேகமில்லை. குடியால் சிதைந்த வீடுகளை யாரும் கேலிப்பொருளாக்கிவிடக் கூடாது என்று நினைத்திருக்கிறீர்கள். அந்த வீடுகளிலிருந்து எழுத வருகிறவர்களின் வாயைத்தான் அது முதலில் அடைக்கிறது. கேலி யார்மேல் விழுகிறது என்று பார்த்து, மெலிந்தவர்மேல் விழுந்தால் அந்தக் கதையை ஒதுக்குங்கள். அதைத் தீர்மானிக்கத்தானே நடுவர்கள் இருக்கிறீர்கள்? படித்துப் பார்க்காமலே ஒதுக்க ஒரு விதி போதுமென்றால் நடுவர் எதற்கு?

ஆகவே தயவுசெய்து அடுத்த அறிவிப்பு அச்சுக்குப் போகும் முன் ஏழாம் விதியை நீக்கும்படி மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். குழுவாகக் கூடித்தான் முடிவெடுக்க வேண்டுமென்றால் கூடுங்கள், காத்திருக்கிறேன். அதே கதையை, குருசாமியிடம் அம்மா கேட்கும் கேள்வியை எடுக்காமல், மறுபடியும் அனுப்புவேன். உங்கள் முடிவைத் தெரிவிக்க, சுயமுகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய உறையொன்றை இத்துடன் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கதை திரும்பப் பெற்ற ஒருத்தி
திருநெல்வேலி