அந்தி நிறுவையில் கொழுந்து அள்ளிப் போட்டவர்களுக்கு

கம்பிச் சுருக்கில் மாட்டி ஒரு காலை இழந்த எங்கள் நாய் சூட்டிக்குத் தையல் பிரித்தாயிற்று. நேற்றிலிருந்து தானாக எழுந்து நின்று தண்ணீர் குடிக்கிறாள். மூன்று காலில் வாசற்படி இறங்கப் பழகுகிறாள். அவள் இறங்கி முடியும்வரை எங்கள் மற்ற நாய் மணி கீழேயே நிற்கிறான், சோற்றுத் தட்டு எதிரே இருந்தாலும் வாய் வைப்பதில்லை. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையிலும் கடையிலும் பஸ் ஹோல்ட்டிலும் என்னைக் கண்ட இடத்திலெல்லாம் நிறுத்தி விசாரிக்கிறீர்கள். அதனால் முதலில் இந்தச் செய்தி. எங்கள் பிள்ளை பிழைத்துவிட்டாள்.

நடந்ததைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. தோட்டத்தில் மேல் டிவிஷனிலிருந்து ஸ்டோர் லயம் வரை அதைத் தெரியாதவர்களும் இல்லை. நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர் இருக்கிறீர்கள். ஆனால் அம்மாவோடு நிரை பிடித்துத் தேயிலைக் கொழுந்தெடுக்கும் பெரியம்மாமாருக்கும் அக்காமாருக்கும்தான் இந்த மடலில் பெரிய இடம். நீங்கள் செய்ததை யாரும் என்னிடம் சொல்லவில்லை. நீங்களும் சொல்லவில்லை, அம்மாவும் சொல்லவில்லை.

பேராதனை மிருக வைத்தியசாலையிலிருந்து சூட்டியைக் கொண்டுவந்த பிறகு வந்த இரவுகள் பெரும்பாடாக இருந்தன. வலி கூடினால் கட்டைக் கடித்து இழுப்பாள். கால் இருந்த இடத்தை நக்கப் பார்ப்பாள். கட்டு நனைந்தால் புண் பழுத்துவிடும் என்று டொக்டர் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பியிருந்தார். நான் ஹட்டனில் கடைவேலை முடித்து வீடு வரவே இருட்டிவிடும். பாதி இரவு நான் முழித்திருப்பது, பாதி இரவு அம்மா என்றுதான் பேச்சு. அம்மா என்னை எழுப்பினால்தானே! அடுப்படியில் சாக்கை விரித்து, சூட்டியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு அப்படியே காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போய்விடுவார்.

தோட்டத்துக்கு வெளியே இருந்து வாசிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மலைக்குப் போய் நின்றால் மட்டும் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், விழாது. தோட்டம் சொன்ன கிலோவை எடுத்தாக வேண்டும். குறைந்தால் அரைப்பேர்தான், பாதிச் சம்பளம்தான். சாக்குக்கு என்றும் ஈரத்துக்கு என்றும் தராசடியில் கழிப்பது வேறு. அந்தக் கிழமைகளில் பனி விழுந்து கொழுந்து கருகிக் கிடந்தது. நன்றாகத் தூங்கி எழுந்து போனவர்களுக்கே கிலோ சேர்வது கஷ்டமாக இருந்த காலம் அது. அம்மா எப்படி எடுத்திருப்பார் என்று நான் யோசித்துப் பார்க்கவே பயந்தேன். மருந்துச் செலவோடு இதுவும் சேர்ந்தால் அந்த மாதத்தை எப்படி ஓட்டுவது என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

சம்பளச் சிட்டை வந்தது. ஒரு நாள்கூட அரைப்பேர் இல்லை.

கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். அந்தி நிறுவைக்குக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வரிசையாக நின்றிருக்கிறார்கள். அம்மாவுக்கு முன்னால் நின்ற அக்கா திரும்பிப் பார்த்தாராம். அம்மாவின் சாக்கில் அடியில்தான் கொழுந்து இருந்திருக்கிறது. அந்த அக்கா தன் சாக்கை அவிழ்த்து இரண்டு கையாலும் அள்ளி இதில் போட்டிருக்கிறார். பின்னால் நின்றவர்களும் ஆளுக்கொரு கை. தராசில் கழிபடுவதற்கும் சேர்த்து மேலாகவே போட்டிருக்கிறீர்கள். அம்மா வேண்டாம் என்று சாக்கைச் சுருட்டப் பார்த்திருக்கிறார். “ஒங்க வீட்டுப் புள்ளைக்கு ஏலாமப் போனா நாங்க பாத்துக்கிட்டு நிப்பமா? சாக்க நல்லா விரிச்சுப் புடிங்கக்கா” என்றாராம் அந்த அக்கா. அன்றோடு விடவுமில்லை. தையல் பிரிக்கும்வரை அப்படியே செய்திருக்கிறீர்கள்.

அக்கா, உங்கள் பெயரை நான் இங்கே எழுதவில்லை. நீங்கள் விரும்ப மாட்டீர்கள். ஆனால் எனக்குத் தெரியும். தோட்டம் சொன்ன கிலோவுக்கு மேல் எடுப்பதற்குத் தனிக்காசு உண்டு, அந்தக் காசை எதிர்பார்த்துத்தான் நீங்கள் கிழமைக்குக் கிழமை லோன் கட்டுகிறீர்கள். எங்கள் சாக்கில் விழுந்தது அந்தக் காசுதான்.

பிள்ளைத்தாய்ச்சிக்கும் காய்ச்சல்காரிக்கும் இப்படிக் கொழுந்து போடுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவள் நான். நம் மலைகளில் அது புதிதில்லை. ஆனால் வீட்டு நாய்க்கு ஏலாமல் போனதற்கும் அதே கை நீளும் என்று நான் நினைத்ததே கிடையாது. டவுனில் ஒருவர் என்னிடம், ஒரு நாய்க்கு இவ்வளவு செலவழிப்பதற்கு வேறு குட்டி எடுத்து வளர்க்கலாமே என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, எனக்குத்தான் அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. நீங்கள் ஒரு வார்த்தை கேட்காமல் சூட்டியை எங்கள் வீட்டு ஆளாக வைத்துப் பார்த்தீர்கள். அது எனக்குக் கொழுந்தைவிடப் பெரிதாக இருக்கிறது.

அவள் எப்படி எங்கள் வீட்டுக்கு வந்தாள் என்று பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போன மாமாமார் மலையில் தண்ணீர் ஓடும் கானில் ஒரு உரபேக் அசைவதைப் பார்த்து அவிழ்த்தார்கள். உள்ளே இருந்த குட்டிகளில் அவள் மட்டும்தான் உயிரோடு இருந்தாள். தாயின் பால் மறக்காத வயது. பஞ்சில் நனைத்துப் பால் கொடுத்தோம், குளிருக்கு அம்மாவின் பழைய கம்பளிக்குள் வைத்துச் சுற்றினோம். மணி பெரியவனாகத்தான் வந்தான். யார் வீட்டிலோ வளர்ந்து, வேண்டாம் என்று பஸ் ஹோல்ட்டில் விடப்பட்டவன். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் எழுந்து எழுந்து பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது எந்த பஸ்ஸையும் பார்ப்பதில்லை, நான் வரும் நேரத்துக்கு மட்டும் கோயிலடியில் வந்து நிற்கிறான். காசு கொடுத்து வாங்காத பிள்ளைகள் இவர்கள். நாய் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் யாரும் கடைக்குப் போக வேண்டாம், நம் கான்களிலும் சந்திகளிலும் போதுமான அளவு பேர் காத்திருக்கிறார்கள்.

மற்றவர்கள் என்னை மன்னிக்க வேண்டும், எல்லாரையும் ஒன்றாகச் சேர்த்துத்தான் சொல்கிறேன். கம்பியைக் கட்டையோடு வெட்டி, காலில் இறுகியதை டொக்டர் பார்க்கட்டும் என்று தொடாமல் விட்ட தேயிலை ஸ்டோர் ஃபிட்டர் அண்ணன். கண்ணைத் துணியால் கட்டி, அவள் கத்தக் கத்தக் கையை எடுக்காமல் பிடித்திருந்த தம்பிமார். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று வளைவு வளைவாக இறங்கி, டீசல் காசுக்கு மேல் வாங்க மாட்டேன் என்ற வேன்கார அண்ணன். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலையில் எனக்குச் சிங்களம் தடுமாறியபோது தமிழில் தடுமாறி உதவிய மாணவி. கட்டாரிலிருந்து காசு அனுப்பிய மச்சான். உங்கள் எல்லாருக்கும் எங்கள் வீட்டில் எப்போதும் ஒரு பிடி சோறு உண்டு.

வருடா வருடம் லயத்துக்கு வந்து இலவசமாக விசர்நாய்க்கடித் தடுப்பூசி போட்டுவிட்டுப் போகும் சுகாதாரப் பகுதி ஆட்களுக்கும் நன்றி. வலியில் இருக்கிற நாய் யாரையும் கடிக்கும். அன்று இரண்டு பேருக்குப் பல் பட்டது. ஊசி அட்டை கையில் இருந்ததால் பெரிய பயம் இல்லை. ஆனாலும் இருவரும் காயத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிவிட்டு வந்தார்கள். அட்டை இல்லாத நாயாக இருந்திருந்தால் கிட்டப் போகவே ஆட்கள் தயங்கியிருப்பார்கள், யாரையும் குறை சொல்லவும் முடியாது. உங்கள் வீட்டு நாய்களையும் ஊசி போட வரும் நாளில் கட்டி வையுங்கள், அவிழ்த்துவிடாதீர்கள்.

கம்பி வைத்தது யார் என்று நான் தேடப் போவதில்லை. பன்றி இறங்கினால் ஒரே ராத்திரியில் மரவள்ளிப் பாத்தி முழுவதும் போய்விடும் என்று எனக்கும் தெரியும், எங்கள் பாத்தியும் போயிருக்கிறது. ஆனால் பிரேக் கேபிளில் போட்ட சுருக்கு பன்றிக்காகக் காத்திருப்பதில்லை. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் அப்படி ஒரு சுருக்கு கருஞ்சிறுத்தையின் கழுத்தில் விழுந்தது. உடவளவை வரை கொண்டுபோய்ப் பார்த்தும் பிழைக்கவில்லை. விறகுக்குப் போகிற நம் பிள்ளைகளின் காலும் அதே பாதையில்தான் நடக்கிறது.

அம்மா ஒரு செய்தி சொல்லச் சொன்னார். மழை விழுந்து கொழுந்து கூடும்போது உங்கள் சாக்குகளுக்கு வர வேண்டியது வந்து சேரும், யாரும் வேண்டாம் என்று இழுக்கக் கூடாது.

நான் செய்ய நினைத்தது இது. இனி மாதத்தில் ஒரு ஞாயிறு காட்டோரத்து மலைகளைச் சுற்றிக் கம்பி பார்த்துக் கழற்றப் போகிறேன். ஃபிட்டர் அண்ணனும் அந்தத் தம்பிமாரும் வருகிறார்கள். உயிருள்ள மிருகம் மாட்டியிருந்தால் நாங்கள் கிட்டப் போக மாட்டோம், வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லிவிட்டு ஆட்கள் சேராமல் பார்த்துக்கொள்வோம். வர விருப்பமானவர்கள் இந்த ஞாயிறு பகல் சாப்பாடு முடிந்து கோயிலடிக்கு வாருங்கள். குறடு இருந்தால் எடுத்து வாருங்கள். அட்டை கடிக்கும், சப்பாத்து போட்டு வாருங்கள்.