அசைவைக் கண்ணால் காட்டியவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

எச்.ஐ.வி. வைரஸின் புரதங்களை வெட்டும் நொதியான எச்.ஐ.வி. புரோட்டீஸின் அணுக்கள் எப்படி அசைகின்றன என்று கணினியில் கணக்கிடும் என் சிமுலேஷன் வேலை நல்லபடியாக முடிந்தது. அதன் அனிமேஷனும் துறைக் கருத்தரங்கில் ஓடிவிட்டது. கைகொடுத்தவர்களுக்கு வாய்வார்த்தையாக மட்டும் நன்றி சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை.

முதல் நன்றி எங்கள் லேப் சீனியர் அக்காவுக்கு. இந்தப் புரோட்டீஸில் இரண்டு சங்கிலிகள், ஒவ்வொன்றிலும் 99 அமினோ அமிலங்கள். 100 நானோநொடி டிராஜெக்டரியை (அணுக்கள் நகர்ந்த இடங்களின் ஃபிரேம் ஃபிரேமான பதிவை), மூலக்கூறுகளைத் திரையில் காட்டும் மென்பொருளான வி.எம்.டி.யில் ஓட்டினால், பாதியில் ஒரு சங்கிலி மட்டும் பிய்த்துக்கொண்டு சிமுலேஷன் பெட்டியின் எதிர்ப்பக்கம் போய் நின்றது. அக்கா திரையைப் பார்த்ததுமே, "ஒண்ணும் ஆகல தம்பி, எல்லையைத் தாண்டினது மறுபக்கமா உள்ளே வந்திருக்கு, அவ்வளவுதான்" என்றார். சிமுலேஷன் மென்பொருளான குரோமாக்ஸின் 'டிரஜ்கான்வ்' கட்டளையில் முதலில் 'நோஜம்ப்' (எல்லை தாண்டும் தாவலை நீக்குவது), அடுத்து புரதத்தை நடுவில் நிறுத்துவது, கடைசியாக முதல் ஃபிரேமோடு பொருத்துவது என்று பக்கத்தில் உட்கார்ந்து செய்துகாட்டினார். பொருத்துவதை ஏன் கடைசியில் வைக்க வேண்டும் என்பதையும் சொன்னார்: புரதத்தைச் சுழற்றிவிட்ட பிறகு பெட்டியின் எல்லைக் கணக்கு அதற்குப் பொருந்தாது. கட்டளையோடு காரணத்தையும் சொல்லித் தருபவர் கிடைப்பது பெரிய கொடுப்பினை.

அடுத்து, எங்கள் போஸ்ட்டாக் அண்ணன். ஃபிரேமுக்கு ஃபிரேம் எல்லா அணுக்களும் துடிக்கும் துடிப்பில், நான் காட்ட நினைத்த ஃபிளாப்களின் (நொதியின் வாயைத் திறந்து மூடும் இரண்டு மடல்களின்) அசைவே தெரியவில்லை. அண்ணன் வி.எம்.டி.யில் ஸ்மூத்திங் அளவை (அருகருகே உள்ள ஃபிரேம்களைச் சராசரியாக்கிக் காட்டுவதை) 5 ஆக்கியதும், இரண்டு ஃபிளாப்களும் மெல்ல விலகிச் சேர்வது தெளிவாகத் தெரிந்தது. "இது கண்ணுக்கு மட்டும். தூரத்தை அசல் ஃபிரேம்களில் அள" என்று கண்டிப்பாகச் சொன்னார். இரு ஃபிளாப் நுனிகளிலும் உள்ள 50ஆம் அமினோ அமிலமான ஐசோலியூசின்களின் இடைவெளியை அப்படித்தான் அளந்தேன். வி.எம்.டி. இரண்டாம்நிலை அமைப்பை (சங்கிலி எங்கே சுருளாக, எங்கே பட்டையாக மடிந்திருக்கிறது என்பதை) ஃபிரேம்தோறும் தானாகப் புதுப்பிக்காது என்று எச்சரித்து, அதற்கான ஸ்கிரிப்டையும் தந்தவர் அவரே.

டாக்கியான் என்ற மென்பொருளில் அனிமேஷன் படங்களை உருவாக்கும் ரெண்டரிங்குக்கு இரவு நேரத்தில் செர்வரை ஒதுக்கித் தந்த கணினிப் பிரிவு நண்பர்களுக்கும் நன்றி.

நேரில் பார்த்திராத சிலருக்கும் கடன்பட்டிருக்கிறேன். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கிளாஸ் ஷுல்டனின் குழு வி.எம்.டி.யை உருவாக்கி, 1996இல் அதைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டது. ஷுல்டன் 2016இல் மறைந்துவிட்டார். டாக்கியானைத் தந்தவர் ஜான் ஸ்டோன். குரோமாக்ஸ் தொடங்கியது நெதர்லாந்தின் குரோனிங்கனில். இவை காசு கொடுத்தால்தான் கிடைக்கும் என்றிருந்தால் என்னைப் போன்ற மாணவர்கள் இந்தப் பக்கமே வந்திருக்க முடியாது.

அனிமேஷன் வெறும் அலங்காரம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. வைரஸ் ஆய்வில் இருக்கும் பேராசிரியை ஒருவர், ஃபிளாப்கள் விலகிய ஃபிரேமில் நிறுத்தச் சொல்லி, நொதியின் வெட்டும் இடத்திலுள்ள 25ஆம் அமினோ அமிலமான அஸ்பார்டேட்டைச் சுட்டி, "மருந்து இந்த வழியாத்தான் உள்ளே வரணுமா?" என்று கேட்டார். வரைபடத்தை மட்டும் காட்டியிருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்காது. அவருக்கும் என் நன்றி.

ஸ்கிரிப்டுகளையும் காட்சி அமைப்பைச் சேமித்த வி.எம்.டி. ஸ்டேட் கோப்பையும் லேபின் பொதுக் கோப்புறையில் போட்டிருக்கிறேன். தம்பி தங்கைகள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். புரியாத இடத்தில் என்னைக் கூப்பிடுங்கள்.

நன்றியுடன்,
உங்கள் ஆய்வு மாணவன்