டவர் அலையின் எதிரொலியையும் அளக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கைப்பேசிச் சேவை சரியில்லை என்றால், சிக்னல் எத்தனை கோடு, அழைப்பு எத்தனை முறை அறுந்தது என்பதோடு விசாரணை நின்றுவிடுகிறது. வடபழனி நூறடி சாலையில், மெட்ரோ மேம்பாலத்தின் கீழே, டவரின் அலை நேராக மட்டும் வருவதில்லை. தூணிலும் சுவரிலும் கண்ணாடி முகப்பிலும் பட்டுத் திரும்பி, முன்னும் பின்னுமாக வந்து சேர்கிறது. 300 மீட்டர் கூடுதலாகச் சுற்றினால் 1 மைக்ரோ நொடி தாமதம். 4ஜி-யில் இந்தத் தாமதத்துக்கு ஒதுக்கிய இடைவெளி சுமார் 4.7 மைக்ரோ நொடி, 3.5 கிகாஹெர்ட்ஸ் 5ஜி-யில் வழக்கமாக அதில் பாதிதான். அதைத் தாண்டி வரும் எதிரொலி அடுத்த தகவலோடு கலந்துவிடும்.

இந்த எதிரொலித் தாமதத்தை 1970-களிலேயே பெல் ஆய்வகத்தின் டொனால்ட் காக்ஸ் நியூயார்க் தெருக்களில் அளந்திருக்கிறார். அலையை அனுப்பவும் வாங்கவும் இரண்டு எஸ்டிஆர் (மென்பொருளால் இயங்கும் ரேடியோ) கருவி, இரண்டுக்கும் ஒரே நேரம் காட்ட இரண்டு ரூபிடியம் அணுக் கடிகாரம், ஒரு வேன் இருந்தால் நம் பொறியியல் கல்லூரிகளே அளக்கலாம். தொலைத்தொடர்புத் துறையின் அலைவரிசை உரிமம் தரும் டபிள்யூ.பி.சி. பிரிவில் சோதனை உரிமம் வாங்கியாக வேண்டும்.

கிளம்பும் முன் ஆன்டெனாவைக் கழற்றி, டிரான்ஸ்மிட்டரையும் ரிசீவரையும் 60 டெசிபெல் அட்டென்யூவேட்டர் (அலையின் வலுவைக் குறைக்கும் கருவி) வழியாகக் கேபிளால் இணைத்து ஒரு பதிவு எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கனெக்டரில் எழும் எதிரொலி, கட்டடத்தின் கணக்கில் ஏறிவிடும். அட்டென்யூவேட்டரை மறந்தால் ரிசீவரே கருகலாம்.

கடிகாரத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஜிபிஎஸ் கடிகாரம் போதும் என்று நினைப்பார்கள். மேம்பாலத்தின் கீழே செயற்கைக்கோள் சரியாகத் தெரியாது. ரூபிடியத்தைச் சூடேற விட்டுத்தான் இரண்டையும் ஒத்திசைக்க வேண்டும். பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 36 நானோ நொடி, அதாவது தூரக் கணக்கு 11 மீட்டர் நகர்ந்துவிடும். மணிக்கொரு முறை கேபிள் சோதனையைத் திரும்பச் செய்வதே வழி.

வேன் 30 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 3.5 கிகாஹெர்ட்ஸில் நொடிக்குக் குறைந்தது 200 பதிவு வேண்டும். அரை அலைநீளம் 4.3 சென்டிமீட்டர்தான், அதைத் தாண்டி ஒரு பதிவு என்றால் டாப்ளர் கணக்கு (நகர்வதால் அதிர்வெண் மாறும் அளவு) பிசகும்.

கடைசிச் சறுக்கல், ரிசீவரின் சொந்த இரைச்சலை எதிரொலியாக எண்ணிவிடுவது. தாமதப் பரவல் (எதிரொலிகள் எவ்வளவு நேரத்துக்குச் சிதறி வருகின்றன என்ற அளவு) கணக்கில் தாமதத்தின் வர்க்கம் சேர்வதால், பதிவு வரைபடத்தில் 20 மைக்ரோ நொடியில் நிற்கும் ஒரு சிறு முள், அதே உயரத்தில் 1 மைக்ரோ நொடியில் உள்ளதைவிட 400 மடங்கு கனம் பெறும். சராசரி இரைச்சலுக்கு 10 டெசிபெல் மேலே கோடு கிழித்து, கீழுள்ளதைத் தள்ளிவிட வேண்டும். கல்லூரிகள் முடிவை வெளியிடும்போது அந்தக் கோட்டையும், ஆன்டெனாவின் உயரத்தையும், மூலப் பதிவுகளையும் சேர்த்தே தரும்படி கேட்டுக்கொள்கிறோம்.

வானலைப் பொறியாளர்கள் சிலர்,
சென்னை