நம் நகராட்சிக்கு 125

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். மாப்பிள்ளை சுகம்தானே? பேரன் பள்ளிக்கூடத்தில் கொடைக்கானலைப் பற்றி எழுதச் சொல்லியிருப்பதாகச் சொன்னாய். ஊருக்கு என்ன வயசு என்று கேட்கிறானாம். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். இதைப் படித்துக் காட்டு.

நகராட்சி வந்தது 1899-ல். 2024-ல் 125 ஆண்டு நிறைந்துவிட்டது. அதையே ஊரின் வயசு என்று அவன் எழுதிவிட வேண்டாம். பழங்குடிகளான பளியர்கள் இந்த மலையில் எப்போதிருந்து இருக்கிறார்கள் என்று யார் கணக்கு வைத்தது? பூம்பாறையும் வில்பட்டியும் வெள்ளைக்காரன் வரும் முன்பே இருந்த ஊர்கள். 1821-ல் வார்டு என்ற ராணுவ அதிகாரி சர்வேக்காக ஏறி வந்தார். 1845-ல் அமெரிக்கப் பாதிரிமார் பங்களா கட்டினார்கள். 1863-ல் லெவிஞ்ச் என்ற கலெக்டர் ஓடையை மறித்து ஏரி ஆக்கினார். ஆக, நகராட்சியைவிட ஏரி 36 வயசு மூப்பு! அப்போதெல்லாம் நாம் மதுரை ஜில்லா. திண்டுக்கல் மாவட்டம் என்பது 1985-ல் பிறந்தது.

இன்னொன்றையும் அவன் எழுதட்டும். மோட்டார் போகிற மலைப்பாதை 1916-ல்தான் திறந்தார்கள். அதுவரை இன்றைய கொடை ரோடு ஸ்டேஷனில் இறங்கி, மாட்டுவண்டியில் அடிவாரம் வந்து, அங்கிருந்து ஒற்றையடிப் பாதை. துரைமார் குதிரையில் வருவார்கள், துரைசானிமார் டோலியில். டோலியைத் தூக்கியது நம் ஆட்கள். அரிசி மூட்டையிலிருந்து மேசை நாற்காலி வரை தலைச்சுமையாக ஏறியதுதான். பங்களா கட்டியவர்களின் பெயர் தெருவுக்குத் தெரு இருக்கிறது. சுமந்தவர்களின் பெயர் ஒரு பலகையிலும் என் கண்ணில் பட்டதில்லை. 125 என்று பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இதுதான் உறுத்துகிறது.

நம் சூரிய ஆய்வுக்கூடமும் அதே 1899-ல் தொடங்கியதுதான். சூரியன் மேல் தெரியும் கரும்புள்ளிகளில் வாயு வெளிப்புறமாகப் பாய்வதை எவர்ஷெட் என்ற விஞ்ஞானி 1909-ல் கண்டுபிடித்தது அங்கேதான். 1904-லிருந்து சூரியனைப் படம் பிடித்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். மூடுபனி விலகாத நாட்களில் அவர்கள் என்ன செய்வார்களோ, அதை நானும் கேட்டதில்லை.

நகராட்சி என்றால் பேரனுக்கு என்ன புரியப்போகிறது? குழாய்த் தண்ணீர், தெருவிளக்கு, குப்பை வண்டி, வீட்டு வரி என்று சொல். இப்போது 24 வார்டு. கோடை சீசனில் வருகிற கூட்டத்தின் குப்பையையும் இதே நகராட்சிதான் அள்ள வேண்டும். வெயிலுக்குப் பயந்து ஏறி வந்தவர்களுக்காக உண்டான ஊர், இப்போது உயர் நீதிமன்ற உத்தரவுப்படி வருகிற வண்டிகளை எண்ணுகிறது. 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ்.

நீங்கள் லீவுக்கு வருவது வெளியூர் நம்பர் வண்டியில்தானே? மறக்காமல் இ-பாஸ் எடுத்துவிடு. "இது என் பொறந்த ஊரு" என்றால் செக்போஸ்டில் விடமாட்டார்கள். அப்புறம், பேரனுக்கு ஸ்வெட்டர் இரண்டு எடுத்து வை.

அன்புடன்,
அப்பா