கரண்டியால் கொடு, மகள்

தம்பிலுவில்

அன்புள்ள மகளுக்கு,

இரவு பஸ்ஸில் கொழும்புக்கு வருகிற தம்பியிடம் பையைக் கொடுத்துவிடுகிறேன். அரிசிமாவும் நல்லெண்ணெயும் மருமகனுக்கு. அப்பாச்சியின் வெள்ளிக் கரண்டி சின்னவளுக்கு.

ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நீ போன் எடுக்கவில்லை. வேலை இருக்கும். நேற்று அனுப்பிய சின்னவளின் படத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். சட்டை நல்ல வடிவு. கண் கொஞ்சம் உள்ளே போன மாதிரி இருந்தது. வெளிச்சம் அப்படியோ தெரியாது.

அவளுக்கு வயிற்றோட்டம் நின்றுவிட்டதா? இல்லையென்றால் ஜீவனி உப்புக் கரைசல் கொடு. ஒரு பைக்கற்றுக்குக் கொதித்தாறின தண்ணீர் ஒரு லீற்றர், கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். 24 மணித்தியாலத்துக்குப் பிறகு மிச்சத்தை ஊற்றிவிடு. ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லிலீற்றர், கரண்டியால். சத்தி எடுத்தால் 10 நிமிஷம் பொறுத்து மறுபடி கொடு. சூப்பிப் போத்தல் வேண்டாம், கரண்டியால் கொடு. தாய்ப்பாலையும் சோற்றையும் நிறுத்தாதே. சிங்க் குளிசை தந்திருந்தால் வயிற்றோட்டம் நின்றதும் விட்டுவிடாதே, 10 முதல் 14 நாள் கொடுக்க வேண்டும்.

இதெல்லாம் உனக்குத் தெரியும். எங்கள் ஒழுங்கையில் முதல் பட்டதாரி நீ. ஆனால் பெற்றவளுக்கு ஒரு வரி பதில் போட நேரமில்லாத படிப்பு என்ன படிப்பு?

இங்கே வெள்ளம் வடிந்து, கிணறு இறைத்துக் குளோரின் போட்டாச்சு. மற்றதெல்லாம் பிறகு.

பல் முளைக்கும்போது அப்படித்தான் போகும் என்று அன்றைக்கு நான் சொன்னது பிழை. அதற்குத்தான் நீ பேசாமல் இருக்கிறாயோ என்று நினைக்கிறேன்.

உனக்கு 11 மாதத்தில், மாரி வெள்ளத்துக்குப் பிறகு வந்ததே, உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடிக் காப்பாற்றினேன் என்று ஊரெல்லாம் சொல்வேனே. ஓடினது உண்மை. முந்தின இரவு முழுக்க நீ குடத்தைக் காட்டிக் காட்டி அழுதாய். கொடுத்தால் இன்னும் போகும் என்று ஒரு சொட்டும் நான் தரவில்லை. விடியும்போதும் அழுதாய், கண்ணீர் வரவில்லை. வயிற்றுத் தோலைப் பிடித்து விட்டால் மடிப்பு அப்படியே நின்றது. ஆஸ்பத்திரியில் ஒரு நேர்ஸ்தான் மடியில் வைத்துக் கரண்டி கரண்டியாகப் பருக்கினாள். பின்னேரம்தான் உனக்கு மூத்திரம் போனது. இதை அப்பாவுக்குக்கூட நான் சொன்னதில்லை.

இரத்தம் போனாலோ, கண் உள்ளே போய்ச் சோர்ந்து கிடந்தாலோ, குடிக்க மாட்டாமல் போனாலோ, 6 மணித்தியாலம் மூத்திரம் போகாவிட்டாலோ, இரவென்று பாராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ.

என்மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும். சின்னவளுக்கு மூத்திரம் போகிறதா என்று மட்டும் எழுதிவிடு.

அம்மா